கல்வியாண்டு என்றைக்கு முடியும், மாமா?

அரியலூர்,
மே 6

மதிப்பிற்குரிய மாமா, தலைமையாசிரியர் அறிவழகன் அவர்களுக்கு, உங்கள் மகள் வெற்றிச்செல்விக்கு நிச்சயிக்கப்பட்ட பழனிவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கும் நலமென்று செல்வியே போனில் சொல்லிவிட்டதால் அதைக் கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை.

தை மாதம் நிச்சயத்தன்று என்ன சொன்னீர்கள்? "கல்வியாண்டு முடியட்டும் மாப்ள, மறுநாளே தேதி வச்சிருவோம்." நான் சிமென்ட் ஆலையில் அளவுக் கருவிகள் பார்க்கிற டிப்ளமோக்காரன், எதுவானாலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தாக வேண்டும். மார்ச்சில் கேட்டேன், பரீட்சை என்றீர்கள். ஏப்ரலில் விடைத்தாள், அப்புறம் ரிசல்ட், அப்புறம் டி.சி., இப்போது புதுச் சேர்க்கை. புதுச் சேர்க்கை அடுத்த ஆண்டைச் சேர்ந்ததில்லையா என்றால், அதுவும் இதிலே சேர்த்திதான் என்கிறீர்கள். சரியென்று நானே விசாரிக்கக் கிளம்பினேன். திருமானூர் பஸ் கண்டக்டர், புதுப் பாஸ் வரும்வரை பழைய பாஸ் செல்லும், அதனால் ஆகஸ்ட் வரை பழைய ஆண்டுதான் என்கிறார். எதிர்வீட்டுக் கவிதா ஏழாவது படிக்கிறாள். கடைசிப் பரீட்சையன்று சட்டையில் இங்க் அடித்ததோடு முடிந்துபோச்சாம். நோட்டுக் கடைக்காரருக்கோ புது ஆண்டு இப்போதே தொடங்கிவிட்டது. உங்கள் ஆபீஸ் கிளார்க்கையே பிடித்தேன். மே முப்பத்தொன்று என்று சொன்னவர், "நான் சொன்னேன்னு ஹெச்.எம். கிட்ட சொல்லிராதீங்க தம்பி" என்று போனை வைத்துவிட்டார். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆண்டு என்கிறார்கள், பாடம் பத்து மாதம்தான்; மிச்ச இரண்டு மாதம் எந்த ஆண்டில் கிடக்கிறது? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. வைகாசியில் மண்டபம் ஒரே நாள்தான் காலி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அதுவும் போய்விடும். ஆனியில் இடமில்லை, ஆடி ஆகாது, அப்புறம் ஆவணிதான்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், பதில் உடனே வேண்டும்.

இப்படிக்கு,
பழனிவேல்

பி.கு.: தபாலில் போடுமுன் செல்விக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிரிக்குமென்று நினைத்தேன். "ஊரெல்லாம் கேட்டீங்களே, என்கிட்ட கேட்டீங்களா? அப்பாவுக்கு இதான் கடைசிக் கல்வியாண்டு. முப்பத்தொண்ணாந்தேதி ரிட்டயர்டு. முடிஞ்சிருச்சுன்னு சொல்ல அவருக்கு வாயே வரமாட்டேங்குது" என்றது. எனக்கு இது தெரியாது மாமா. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும்போது வண்டியோடு கேட்டில் நிற்பேன். கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன். நீங்களாக எடுத்தால் தடுக்கவும் மாட்டேன்.