வெள்ளைக்கரைச் செடியும் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணியும்

உலகம் இரண்டாய்ப் பிளந்தாலும் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தை விடுவதில்லை என்று சோதிலிங்கம் சபதம் எடுத்திருந்தார். பலேர்மோ நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் பீலிக்ஸ், சறோஜா தம்பதி வீட்டில் முந்நூற்றிநாலு ஆட்டம். மனைவி விமலராணிக்குச் சொன்ன கதையோ வேறு. பக்கத்து ஊரான பகேரியாவில் அவர் தோட்டவேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, எமிலியானா சிஞ்ஞோராவின் கோர்னியோலோச் செடிக்கு ஞாயிறும் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

அது உண்மையும்தான். குளிர்தேசத்துச் செடி. சிவப்புக் கொப்பு, பச்சை இலை, இலையைச் சுற்றி வேட்டிக்கரை மாதிரி வெள்ளைக்கரை. ஒருநாள் தண்ணி தவறினால் பலேர்மோ வெயிலில் கருகிவிடும். செடி போனால் வேலையும் போகும். சோதிலிங்கமோ சனிக்கிழமையே இரண்டு வாளி கூட ஊற்றிவிட்டு, மிச்சத்தை நல்லூர்க் கந்தனிடம் விட்டுவிடுவார்.

கந்தனும் கைவிடவில்லை. திங்கட்கிழமை பார்த்தால் மண் ஈரமாயிருக்கும். ஒரு குறைதான். ஊரில் புகையிலைத் தோட்டக்காரன் அல்லவா, வெள்ளைக்கரையில்லாமல் முழுப் பச்சை இலையோடு கொழுத்து வரும் கொப்புகளை அவர் ஆசையாய் வளர்ப்பார். திங்களன்று அவற்றை மட்டும் காணாது. பாழாய்ப்போன நத்தை!

தொண்ணூற்றிநாலாம் ஆண்டு ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, விமலராணி கைப்பையோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நானும் வாறன். செடியைப் பாக்கவேணும்."

"வெயிலப்பா! நீர் வழக்கம்போலப் பஜனைக்குப் போகேல்லையே?"

"பஜனை எங்கையும் ஓடாது. நடவுங்கோ."

ரயிலில் வழிநெடுகக் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். தோட்டத்தில் செடியைக் கண்டதும்தான் உயிர் வந்தது. அப்படியொரு வடிவு!

"பாத்தீரோ, என்ரை கைராசி!"

விமலராணி கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கொழுத்த பச்சைக் கொப்பொன்று கீழே விழுந்தது.

"ஐயோ! நல்ல கொப்பையெல்லே வெட்டுறீர்!"

"விட்டால் இந்தப் பச்சை வெள்ளைக்கரையை அமுக்கி, முழுச் செடியையும் பிடிச்சுப்போடும். சிஞ்ஞோரா சொல்லித் தந்தவ."

"உமக்கோ? எப்ப?"

மேல்மாடி ஜன்னலிலிருந்து எமிலியானா சிஞ்ஞோரா கையசைத்தார். "ராணி, வந்துவிட்டாயா? அட, இந்த ஞாயிறு சோதியும் வந்திருக்கிறாரே!"

சோதிலிங்கத்துக்கு எல்லாம் விளங்கியது. நத்தையும் இவள்தான், கந்தனும் இவள்தான்! கோடை முழுக்க இந்த வெயிலில் ரயிலேறி வந்து, வாய் திறக்காமல் அவர் வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள். என்ன கெட்டிக்காரி! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ராணி, நீர் தெய்வமப்பா. இனி ஒவ்வொரு ஞாயிறும் நானே வாறன். இந்தச் செடி மேலை சத்தியம்!"

"ஓம், நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு தெரியும்." வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் கைப்பையை மாட்டினாள். "நான் போறன். சறோஜா சீட்டைக் குலுக்கி வைச்சுக்கொண்டிருப்பா. உங்கடை இடத்திலை இனி நான்தான்."