இஸ்திரி போட்ட அகதிகள்

மூட்டையைப் பிரித்த லாண்டரிக்காரர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே நாற்பத்திரண்டு உருப்படி. சட்டை, பாவாடை, சால்வை, குழந்தைகளின் கவுன். எல்லாம் கொக்குச் சிறகு மாதிரிப் பளிச்சென்று இருந்தன. மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும். காலர்கள் கஞ்சியில் விறைத்து நின்றன.

வேறு எந்த நாளாயிருந்தாலும் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். கைக்குட்டைக்குக்கூடக் கஞ்சி போடுகிறவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே 'கஞ்சி'தான். சொந்தப் பெயரை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அவளும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

"இங்க வா. இது என்னன்னு பாரு."

மனைவி வந்து பார்த்தாள். "துணி. நல்லாத்தானே வெளுத்திருக்கு."

"நல்லா வெளுத்ததுதான் வினை. சினிமாவில குண்டு விழுந்து ஊரை விட்டு ஓடற ஜனங்களோட துணி இது. அழுக்காவே இருக்கணும்."

"அழுக்கா இருக்கணும்னா லாண்டரிக்கு எதுக்குக் குடுத்தாங்க?"

கேள்வி நியாயமானதுதான். பழைய ஆலை மைதானத்தில் போர்ப் படம் எடுக்கிறார்கள். உடைகளுக்குப் பொறுப்பான காஸ்ட்யூமர் இரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். சின்ன மூட்டையில் பட்டாளத்துச் சீருடைகள். நாலு நாள் சேற்றில் ஒத்திகை பார்த்து நாறிப்போனவை. அவற்றை வெளுத்துத் தர வேண்டும். பெரிய மூட்டை ஜனங்களுடையது. அதைத் தொடவே கூடாது. ஆலையில் எலி அதிகம் என்பதால் பத்திரத்துக்காக மட்டும் இங்கே வைத்திருந்தார்கள்.

காஸ்ட்யூமர் அந்தத் துணிகளை மூன்று வாரம் உட்கார்ந்து பாழ்படுத்தியிருந்தார். உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் பூசி, மெழுகுவர்த்தியால் ஓட்டை போட்டு, ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சோகம் வைத்திருந்தார். இப்போது ஒரு சோகத்தைக்கூடக் காணவில்லை. குண்டு துளைத்த இடங்கள்கூட, துளைத்ததே தெரியாமல் இழையோட்டித் தைக்கப்பட்டிருந்தன.

சின்ன மூட்டை சேறு காய்ந்து அப்படியே கிடந்தது.

லாண்டரிக்காரர் இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே வேலை செய்கிறவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவள். எந்த ஊர் என்று தெருவே தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டது. 'தூரம்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் மீன் சிக்கவில்லை.

"பெரிய மூட்டையைத் தொடாதேன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"சின்னதை வெளுக்கணும்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

அவள் தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"தலைகீழாக் காதில வாங்கிக்கிட்டா போல, விடுங்க," என்றாள் மனைவி. "நீங்க ரெண்டு நாள் கடையில இருந்திருந்தா இது நடக்குமா? ஊர் ஊராப் போய்த் தண்டோரா போட்டுக்கிட்டிருந்தீங்க."

அதுவும் உண்மை. படம் முடிந்ததும் திரையில் தன் பெயர் வரும் என்று காஸ்ட்யூமர் சொன்னதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முப்பது வருஷமாக ஊர் உலகத்தின் சட்டைக்குள் நம்பர் எழுதிக்கொண்டிருந்தவர். தன் பெயரை யாரும் எங்கும் எழுதிப் பார்த்ததில்லை. அக்காள் வீடு, சித்தப்பா வீடு, இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு உட்பட எல்லா இடத்திலும் சொல்லிவிட்டு வந்திருந்தார். பங்காளி மட்டும், "பார்ப்போம்" என்றாராம். அந்தப் 'பார்ப்போம்' இரண்டு நாளாக அவருக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பு மறுநாள் காலை பத்து மணிக்கு. பட்டாளத் துணி தார்ப்பாய்க் கனம்; இப்போது நனைத்தாலும் காய இரண்டு நாள் ஆகும். அது போனது போகட்டும், ஜனங்களையாவது அழுக்காக்கிவிடுவோம் என்று முடிவானது.

"டீத் தண்ணியில முக்குங்க," என்றாள் மனைவி. "டீக் கறை போகவே போகாதுன்னு நீங்கதானே புலம்புவீங்க."

வெள்ளாவி அண்டாவில் இரண்டு கிலோ டீத்தூள் கொதித்தது. தெருவே மணத்தது, மூன்று பேர் டம்ளரோடு வந்து நின்றார்கள். துணிகளை முக்கி எடுத்தபோது வெள்ளை, மஞ்சள், ரோஸ் எல்லாம் போய், நாற்பத்திரண்டும் ஒரே தேன் நிறத்தில் தகதகத்தன.

மனைவியின் தம்பி, மெக்கானிக், வாசலில் நின்று ரசித்தான்.

"மாமா, யாருக்குக் கல்யாணம்? குடும்பமே ஒரே கலர்ல எடுத்திருக்கு."

"மாப்ளே, எரியற வயித்தில எண்ணெய் ஊத்தாதே. வழி இருந்தா சொல்லு."

"நடு ரோட்டில விரிச்சுப் போடுங்க. நாலு லாரி ஏறினா துணி தானா யுத்தத்துக்குப் போயிட்டு வந்துடும்."

விரித்தார்கள். விதி வேறு மாதிரி நினைத்தது. வந்த முதல் லாரி ஓரங்கட்டிப் போனது. இரண்டாவதாக வந்த பஸ், பயணிகளோடு அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனது. மூன்றாவதாக வந்த லாரியின் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். "யாரோ பாவம், கொடி அறுந்து விழுந்திருக்கு," என்று ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, மடித்து, கடைத் திண்ணையில் அடுக்கி வைத்தார். லாண்டரிக்காரர் வேண்டாம் என்று இரண்டு கையையும் தூக்கினார். டிரைவரோ, "நன்றியெல்லாம் எதுக்குங்க," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"நாட்டில இவ்வளவு நல்லவங்க இருந்தா யுத்தப் படம் எப்படிய்யா எடுக்கறது," என்றான் மைத்துனன்.

சாயங்காலம் லாண்டரிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. டீக்கறையை அங்கங்கே மட்டும் போக்கிவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் முப்பது வருஷக் கைக்கு அரைகுறை வேலை தெரியாது. ஓர் ஓரத்தில் கறை போனதும் மறு ஓரம் உறுத்தியது. அதையும் தேய்த்தது. அலசியது. யாரும் சொல்லாமலே போய்க் கஞ்சியில் முக்கியது. இஸ்திரிச் சூட்டில் உலர்த்திப் பார்த்தால், காலையில் இருந்ததைவிட ஒரு படி கூடுதல் வெளுப்பு.

"மாமா, இனிமே இதைப் பார்க்கக் கறுப்புக் கண்ணாடி வேணும்," என்றான் மைத்துனன்.

மறுநாள் மைதானத்தில் மூட்டை அவிழ்ந்தது. காஸ்ட்யூமர் ஒரு சட்டையை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓட்டையைத் தேடினார். பிறகு அதால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என் வேலை போச்சு," என்று சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என் பேரும் போச்சு," என்றார் லாண்டரிக்காரர். அவர் கண்ணுக்குள் பங்காளி, 'நான் அப்பவே சொன்னேனே' என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் யாரோ மைக்கில் அவசரப்படுத்த, துணை நடிகர்கள் வந்து ஆளுக்கொரு துணியை உருவிக்கொண்டு போனார்கள். பட்டாளத்துக்கு வேறு வழியில்லை. சேறு காய்ந்த சீருடைகளையே மாட்டிக்கொண்டது. பட்டாளத் தலைவனாக நடித்தவன் நிஜத்தில் கறிக்கடைக்காரன். உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காட்சியில் அவன் ஒரு பெண்ணின் மூட்டையை எட்டி உதைக்க வேண்டும். நாலு நாள் ஒத்திகையிலும் உற்சாகமாக உதைத்திருந்தான்.

டைரக்டர் காமிராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். காஸ்ட்யூமர் ஒரு தூணுக்குப் பின்னாலும், லாண்டரிக்காரர் காஸ்ட்யூமருக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டார்கள்.

புகை விட்டார்கள். புகைக்குள்ளிருந்து ஜனங்கள் வந்தார்கள்.

சலவை மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பெரியவர், மேல் பித்தான் வரை போட்டுக்கொண்டு. கஞ்சி போட்ட கவுனில் ஒரு சின்னப் பெண், அது கசங்கிவிடக் கூடாதென்று கைகளை அகட்டி வைத்தபடி. தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்த ஆண்கள், தோளில் இருந்த சால்வை விழாமல் பார்த்துக்கொண்டு. அந்த உடையைப் போட்டதும் யாருக்கும் கூன் போட வரவில்லை போலிருக்கிறது. அழ வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தும் ஒருவரும் அழவில்லை. நிமிர்ந்து, வரிசை குலையாமல், ஏதோ முக்கியமான இடத்துக்குப் போகிறவர்கள்போல் நடந்தார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு அழுக்குப் பட்டாளம். அதில் ஒருவன் தன் சட்டையை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, சேற்றைக் கையால் மறைத்துக்கொண்டான்.

அந்தப் பெண் கறிக்கடைக்காரனுக்கு முன்னால் வந்து மூட்டையைத் தரையில் வைத்தாள். அவன் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

உதை வருமென்று காத்திருந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து, தானே முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவனுக்குக் காட்டினாள். அவனுடையது ஆடு வெட்டுகிற கை. கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டான்.

'கட்' என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. லைட் பிடிக்கிறவர் லைட்டை மறந்து நின்றார். துணியில் கறையைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத லாண்டரிக்காரர், வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிக்குள் இருந்த ஆட்களைப் பார்த்தார். பெயர் வருமா வராதா என்பதுகூடச் சற்று நேரம் நினைவில் இல்லை.

சற்று நேரம்தான்.

டைரக்டர் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. "துணியை இப்படி வெளுக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான் சார்," என்று தூணுக்குப் பின்னாலிருந்து காஸ்ட்யூமர் பாய்ந்து வந்தார்.

"வெளுத்தது யாரு? நான்," என்று அவர் தோளுக்குப் பின்னாலிருந்து லாண்டரிக்காரர் வந்தார். "ரெண்டு தடவை வெளுத்தேன் சார். கஞ்சி என் சொந்தக் கற்பனை."

டைரக்டர் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். கும்பிட்டார் என்று லாண்டரிக்காரர் பிற்பாடு சொன்னது கொஞ்சம் கூடுதல்.

படம் வந்தது. தெரு மொத்தமும் தியேட்டருக்குப் போனது, பங்காளியும் வந்திருந்தார். ஜனங்கள் புகைக்குள்ளிருந்து வரும் காட்சியில் பொரித்த தீனி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுத்துகள் ஓடின. சிறப்பு நன்றி என்று போட்டு, இனிஷியலோடு ஒரு பெயர் வந்தது.

"யாருய்யா அது?" என்று தெருக்காரர் ஒருவர் கேட்டார்.

"நம்ம கஞ்சிதான்," என்றார் பங்காளி. சொல்லிவிட்டு இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் தோளில் கை வைத்தார்.

மறுநாள் கடையில் திருவிழாக் கூட்டம். லாண்டரிக்காரர் தமக்கு அந்த யோசனை எப்படி உதித்தது என்பதை நாலாவது தடவையாக, நாலாவது விதமாக விவரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு அலுத்துவிட்டது. இஸ்திரி மேஜைப் பக்கம் போனாள்.

"ஏம்மா, நெஜத்தில உன் தப்பாலதான் இவருக்கு இவ்வளவு பேரு. அன்னிக்கு எப்படித்தான் மூட்டையை மாத்தித் தொலைச்சே?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மாத்தலைக்கா. நாங்க ஊரை விட்டுக் கிளம்பின அன்னிக்கு எங்கம்மா எல்லாருக்கும் இருக்கறதிலேயே நல்ல துணியாப் பார்த்து இஸ்திரி போட்டு உடுத்திவிட்டா. அழுக்கா வந்தவங்க பட்டாளத்துக்காரங்கதான்."