முக்காடு போட்ட விமானி

இனி மேகத்தைக் கண்டு பயப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். வீட்டில் பயப்படுவதே போதும்.

சின்ன விமானம் ஓட்ட என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் வானம் பளிச்சென்று இருந்தால்தான் பறக்கலாம். குட்டி மேகம் குறுக்கே வந்தாலும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். மேகத்துக்குள் போகத் தனித் தேர்வு. வெளியே எதையும் பார்க்காமல், முன்னாலிருக்கும் மீட்டர் முட்களை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும்.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் விமானத்தில் பழகலாம்; அதற்கு அறை வேண்டுமே! இருந்த ஒரே தனி அறையில் மனைவி துணி தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினோடு அவளைப் பால்கனிக்கு அனுப்பினேன். சக்கரம் வைத்த மேசையில் லேப்டாப், சக்கரம் வைத்த நாற்காலியில் நான். விமானம் தயார்.

"சாரல் அடிக்குதுங்க. தைக்கக் குடுத்த துணியெல்லாம் நனையுது. என் ரூமைக் குடுங்க."

"தேர்வு முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அதை மேகத்தைக் கேளு."

அவள் சண்டை போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் கறுப்புத் துணியில் ஒரு முக்காடு தைத்து நீட்டினாள்.

"பக்கத்துல எதுவும் தெரியக் கூடாதுன்னீங்களே, இந்தாங்க."

போட்டுப் பார்த்தேன். திரையைத் தவிர உலகமே இல்லை. உருகிப்போனேன்.

"இதுக்குள்ள உடம்பு ஒரு மாதிரி சுத்துனா என்ன செய்வீங்க?"

"நம்ப மாட்டேன். உடம்பு பொய் சொல்லும். முள் மட்டும்தான் நிஜம். அதான் முதல் பாடம்."

"அப்படியா!" என்றாள், ரொம்ப மரியாதையாக.

ஞாயிற்றுக்கிழமை முக்காட்டோடு திரை விமானத்தை மேலே ஏற்றினேன். திடீரென்று நாற்காலி நகர்வதுபோல் இருந்தது. முள்ளைப் பார்த்தேன். நேராகத்தான் போகிறேன். உடம்பே, உன் வேலையை என்னிடம் காட்டாதே! இடப்பக்கம் வளைவதுபோல் இருந்தது. முள் அசையவில்லை. நானும் அசையவில்லை. காதருகே பக்கத்து வீட்டு அக்கா குரல் கேட்டது.

"மேசையை நான் இழுக்கிறேன், நீ அவரைத் தள்ளு."

காதும் உடம்பில்தானே இருக்கிறது? நம்பவில்லை.

ஓடுபாதையின் நட்டநடுவில் இறக்கினேன். ஆனந்தத்தில் கத்தினேன்.

"பாத்தியா? பூ மாதிரி இறக்கிட்டேன்! வழியில மேகத்துல ஒரே ஒரு குலுக்கல்!"

எங்கோ தூரத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"அது மேகம் இல்லீங்க. நிலைப்படி."

முக்காட்டைத் தூக்கினேன். பால்கனிக் கொடியிலிருந்த ஈரத் துண்டு முகத்தில் அறைந்தது. உள்ளே, என் அறையில், தையல் மெஷின் டேக்-ஆஃப் ஆகிவிட்டிருந்தது.