செல்லாக்காசு மாமாவும் 'ஃபேர்' என்ற வார்த்தையும்

உலகத்திலேயே 'குட்' என்ற ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அதிகம் பேரை அவமானப்படுத்தியவர் எங்கள் ஸ்டோர் மாடியில் குடியிருந்த செல்லாக்காசு மாமாதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவமானப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப் போனார்கள். என் அம்மா உள்பட.

எழுபதுகளின் ஆரம்பம். மயிலாப்பூரில், கபாலி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் ஸ்டோர். ஏழு போர்ஷன், ஒரு குழாய், தினம் ஒரு சண்டை. கீழே மூன்றாவது போர்ஷனில் அம்மாவும் நானும். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். நான் மவுண்ட் ரோடில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாடியில் ஒற்றை அறையில் மாமா. கல்யாணம் ஆகாதவர், வயது ஐம்பதுக்கு மேல், ஹார்பரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் என்னவென்று போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரை விட்டுப் போன ஏதோ வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்களை ஏலம் விட்டபோது மாமா ஒரு பழைய எழுத்து மேஜையை வாங்கினார். அது மாடிப்படியில் திரும்பாமல் ஸ்டோரே சேர்ந்து தூக்கியது தனிக் கதை. அறைக்குள் போய்ச் சேர்ந்த மேஜையின் டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவில் பதினோரு செப்புக் காசு. எல்லாம் அமெரிக்கக் காசு. அமெரிக்கா வெள்ளைக்காரன் பிடியில் இருந்தபோதும், அவனைத் துரத்திவிட்ட கையோடும் அங்கங்கே அடித்த காசுகள். ஒன்றில் குதிரைத் தலை, அதன் கீழே கலப்பை. இன்னொன்றில் மலைக்குப் பின்னால் சூரியன். அதெல்லாம் மெட்ராஸுக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டால் போச்சு.

"ஐஸ் ஹவுஸ் எதுக்குக் கட்டினான் தெரியுமோ? அமெரிக்காலேர்ந்து கப்பல்ல ஐஸ் வந்துது. அதுல வந்த எவனோ ஒரு மாலுமி ஜோபில இருந்துது இது. ஐஸ் கரைஞ்சு போச்சு, காசு நின்னுது!" என்பார். அதற்கு அத்தாட்சி ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் சொல்லும்போது அந்த மாலுமி கொட்டாவி விட்டதுகூட நமக்குத் தெரியும்.

ஒரு காசில் சூரிய கடிகாரம் போட்டு, கீழே இங்கிலீஷில் ஒரு வாசகம் இருந்தது. பக்கத்துப் போர்ஷன் ராஜு மாமா ஒரு நாள் பெரிய மனது பண்ணி, "என்ன ஓய் எழுதியிருக்கு அதுல?" என்று கேட்டார்.

"உன் வேலையைப் பாரு."

"மரியாதையாத்தானே கேக்கறேன்?"

"நானும் மரியாதையாத்தானே சொல்றேன்? உன் வேலையைப் பாருன்னு போட்டிருக்கு!"

ராஜு மாமா ஆறு மாசம் அவரோடு பேசவில்லை. காசில் நிஜமாகவே அப்படித்தான் போட்டிருந்தது, பாவம்.

காசு என்றால் அதைத் தரம் பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பல் டாக்டருக்கும் இதே கிறுக்கு. இரண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து. அந்த டாக்டர் எழுதி அனுப்பிய தரப் பட்டியலை மாமா பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குக் குட்டு வெளிப்பட்டது. அதில் 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தேய்ந்து மழுங்கி, குதிரை இருந்த இடம் மட்டும் தெரிகிறது என்று அர்த்தம்! அதற்கு மேலே 'வெரி குட்', அதற்கு மேலே 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போனது.

"அப்போ குட்டுக்குக் கீழ என்ன மாமா?"

"ஃபேர். தண்டவாளத்துல வெச்சு ரயில் ஏறின காசு. அது காசுன்னு நாமளே சத்தியம் பண்ணினாத்தான் உண்டு. அதை யாரும் ஆத்துக்குள்ளயே சேர்க்க மாட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் அம்மா அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தனுப்புவாள். அவர் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்து, "குட்" என்பார். இரண்டு வருஷமாக அம்மா இதைச் சொல்லிச் சொல்லி ஸ்டோர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து காபி கட். நாலாம் நாள் மாமா தாங்க முடியாமல் இறங்கி வந்தார்.

"மாமி, காபி வரலையே?"

"தேஞ்சு போன காபி உங்களுக்கு எதுக்கு?"

"கோச்சுக்காதேங்கோ மாமி. பொய்க் கிரேடு போட எனக்கு வராது. சிக்கரி ஜாஸ்தி."

அம்மா அன்று முழுக்கப் பாத்திரங்களை டமார் டமார் என்று போட்டாள். ஆனால் மறுநாள் சிக்கரியைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தனுப்பினாள். "வெரி ஃபைன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

அடுத்தது கன்னியம்மா விவகாரம். பட்டினப்பாக்கத்திலிருந்து வந்து எங்கள் ஸ்டோருக்கே பாத்திரம் தேய்க்கிறவள். ஒரு நாள் மாமாவின் அறையைப் பெருக்கப் போனவள் மேஜை மேல் குதிரைக் காசைப் பார்த்திருக்கிறாள். இருநூறு வருஷத்துச் செப்பு, பழுப்பேறிக் கிடக்கிறது. அவள் நல்ல மனசுக்காரி. கீழே எடுத்து வந்து, புளி போட்டுத் தேய்த்து, அலம்பி, முந்தானையில் துடைத்துப் பொங்கல் பானை மாதிரி மின்ன மின்ன அவர் கையில் கொடுத்தாள்.

மாமா போட்ட அலறலில் குழாயடியில் நின்ற மூன்று பேர் குடத்தைக் கீழே போட்டார்கள்.

"இன்னா சாமி நீ? துட்டு பாசி புடிச்சு கீதேன்னு பளபளன்னு ஆக்கிக் குடுத்தா, சாவு வூட்டுல அழுவுற மாரி அழுவுறியே!"

"ஒரிஜினல் கலர் போயிடுத்தே! செப்பைத் தேய்க்கலாமோ? அந்தப் பழுப்புதான்டீ அதுக்கு உசிரே! பாலிஷ் போட்டுட்டா எந்தக் கிரேடும் கிடையாது, அவ்வளவுதான்!"

தலையோடு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து மூன்று நாள் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டார். துக்கம் கேட்கக்கூட இரண்டு பேர் போனார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் கறுப்பு. மாநிறம் என்று அம்மா சொல்வாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். அந்த நாளில் கல்யாண விளம்பரம் எதை எடுத்தாலும் பெண் 'ஃபேர்' ஆக இருக்க வேண்டும், அதாவது சிவப்பாக. ஆறு இடம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். மாம்பலத்துக்காரர்கள்கூட அதையேதான் சொன்னார்கள். எனக்கு இருபத்தாறு ஆகிவிட்டது. அம்மா தூக்கத்திலும் பெருமூச்சு விட்டாள்.

ஏழாவதாக தி.நகரிலிருந்து ஓர் இடம். பையன் பாங்கில் வேலை. அம்மா துணிந்துவிட்டாள். என்னை உட்காரவைத்து ஸ்னோ, அதன் மேல் பவுடர், அதன் மேல் மறுபடி ஸ்னோ என்று பூசினாள். கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு கண். நமஸ்காரம் பண்ணிவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். பையனின் அப்பா திருப்தியாக ஒரு பஜ்ஜியைக் கடித்தார். அந்தச் சமயம் பார்த்துக் காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மாமா உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். டம்ளர் உருண்டது.

"ஐயய்யோ! யாரு இவளைத் தேச்சது?"

மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"மாமி, என்ன அக்கிரமம் இது! ஒரிஜினல் கலரைக் கெடுத்துட்டேளே!"

பையனின் அப்பா பஜ்ஜியைக் கீழே வைத்தார். "சார், நீங்க இந்த ஆத்துல பழகினவர்னு தோணறது. மறைக்காம சொல்லுங்கோ. பொண்ணு ஃபேர்தானே?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளை மாதிரி வளைய வந்த பெண்ணை எவனோ வீட்டுக்குள் நுழைந்து திட்டிவிட்ட மாதிரி கோபம்.

"ஃபேரா? யாரு சொன்னா? அந்த வாயை அலம்பணும்! எங்க வசந்தி ஃபேரே கிடையாது! கிட்டக்கூட வரமாட்டா! பவுடரைத் தொடைச்சுட்டுப் பாருங்கோ, அசல் பிரவுன்! சுத்தமான செப்பு! அப்புறம் பேசுங்கோ!"

அவர்கள் பேசவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமாவோ, "ஏன் போறா? நல்லபடியாத்தானே சொன்னேன்?" என்று என்னைக் கேட்கிறார். கல்யாணச் சந்தையில் ஃபேர் என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிப்போயிற்று. மறுநாளே ஆபீஸுக்கு லீவு போட்டார். சுவரில் இருந்த பட்டியலைப் பிய்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு பனகல் பார்க் பக்கம் அவர்கள் வீட்டுக்கே போய், "உங்க கணக்கு வேற, என் கணக்கு வேற. பொண்ணு ஃபேருக்கு அஞ்சு படி மேலே" என்று விளக்கியிருக்கிறார். நாங்கள் ஒரு பைத்தியத்தை அனுப்பி மிரட்டுகிறோம் என்று அவர்கள் தரகரிடம் சொல்லிவிட்டார்கள். தரகர் வந்து, "இனிமே இந்த ஆத்துக்கு நான் எந்த முகத்தோட வரன் கொண்டு வருவேன்?" என்று கையை விரித்துவிட்டார். அம்மா மாமாவோடு பேச்சையே நிறுத்தினாள்.

எனக்கும் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எழுந்து போன அன்று முகத்தைக் கழுவும்போது பவுடர் கரைந்து ஓட ஓட, கண்ணாடியில் என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இருபத்தாறு வருஷத்தில் என் நிறத்துக்காக ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. கோபத்துக்கு நடுவிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்து மாசம் கழித்து அடையாறிலிருந்து ஓர் இடம் தேடி வந்தது. பையனுக்குக் காலேஜில் லேப் வேலை, வீட்டில் அவன் அம்மா மட்டும்தான். அவர்கள் வருவதற்கு முதல் நாள் என் அம்மா மாடிப்படி ஏறிப் போய்க் கையைக் கூப்பினாள்.

"உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். நாளைக்கு எங்கயாவது போயிடுங்கோ. நான் கூப்பிடற வரைக்கும் இந்தத் தெருப்பக்கமே வராதேங்கோ."

"கட்டாயம் மாமி. எங்க போகட்டும்?"

"பீச்சுக்குப் போங்கோ, எங்கயோ போங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் ஸ்னோவையும் பவுடரையும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள், காலில் விழுகிறேன் என்றாள், நான் மசியவில்லை. கழுவின முகத்தோடு போய் உட்கார்ந்தேன். பையனின் அம்மா என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "ஆபீஸ்ல நாள் பூரா டைப் அடிச்சா விரல் வலிக்காதோடி?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பையன் மூன்றாவது பஜ்ஜிக்குக் கை நீட்டினான். தை மாசத்தில் முகூர்த்தம் என்று அப்போதே பேசி முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஏழு போர்ஷனும் எங்கள் வீட்டில்தான். ராஜு மாமா ஓடிப்போய் ஜிலேபி வாங்கி வந்தார். சத்திரம் எது, சமையலுக்கு யார் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். விளக்கேற்றும் நேரத்துக்குக் கன்னியம்மா பாத்திரம் தேய்க்க வந்தாள். அவள் வாயிலும் ஒரு ஜிலேபியைத் திணித்தோம்.

தின்றுகொண்டே கேட்டாள்: "ஆமா, அந்த மாடி சாமி இன்னாத்துக்குக் காலைலேர்ந்து கடக்கரையில குந்திக்கினு கீது? நான் மீனு வாங்கப் போச்சொல்லப் பாத்தேன், இப்ப வரச்சொல்லயும் அங்கயேதான் கீது. சோறு துன்ன மாரியே தெர்ல."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கூப்பிட மறந்தே போய்விட்டோம்!

பட்டுப்புடவையோடு ஓடினேன். பட்டினப்பாக்கத்து மணலில், படகு ஒன்றின் ஓரத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் விரித்த குடை காற்றில் திரும்பிக் கம்பி உடைந்துவிட்டதாம். வெயில் அடித்து மூக்கு கன்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"மாமி கூப்பிட்டாளா? நான் வரலாமா? பாத்துக்கோ, இன்னிக்கு நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. சுண்டல்காரன் வந்தான், அவன்கிட்டகூடப் பேசலை!"

"நிச்சயமாயிடுத்து மாமா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போனார். "அசடு, நல்ல நாள்ல அழலாமோ? பையன் நல்லவன்தானே? பின்னே என்ன?" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் நிச்சயமானதற்காக அழவில்லை மாமா. அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு இப்படித்தான் ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.