இருபது தோட்டாவுக்கும் பொட்டு

வீட்டில் என் மனைவி கௌரி சந்தனத்தைக் குழைத்து வைத்துவிட்டு விளக்கேற்றத் தீக்குச்சி கிழிக்கும்போதெல்லாம் என் காதிரண்டும் சூடாகிவிடும். சந்தனத்தின் குளிர்ச்சியும் தீக்குச்சியின் கந்தகக் காரமும் ஒரு கணம் காற்றில் கைகோத்து நிற்கும். நான் கண்ணை மூடுவேன். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைக்கிறார்கள். அது வெட்கம். (கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறது. அதை மறைக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை.)

2012ஆம் ஆண்டு நவராத்திரிக் காலம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாஷப்பலில் ஐந்தாம் மாடியில் குடியிருந்தோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அப்பால் ஓர் உணவகத்தில் நான் சமையல்காரன். எங்கள் பத்ரோன் ஜெரார் உணவகத்துக்கு முதலாளி, அத்தோடு ஒரு வேட்டைக் குழுவுக்குத் தலைவர். இலையுதிர்காலம் வந்தால் அவருடைய காட்டுப்பன்றிகள் என் மேசைக்கு வரும். எட்டு வருஷமாக அவற்றை உரித்து, எலும்பு நீக்கி, இறைச்சிக்குள் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளை இடுக்கியால் பொறுக்கியவன் நான். பன்றியின் பின்கதையை மட்டுமே வாசித்து அலுத்துப்போனவனுக்கு முன்கதையையும் பார்க்க ஆசை வந்தது.

வேட்டைப் பரீட்சை எழுதினேன், பெர்மி கிடைத்தது. லாஷப்பலில் வேட்டை அனுமதி வைத்திருக்கும் ஒரே தமிழன் நானே என்று எனக்கு நானே பிரகடனம் செய்துகொண்டேன். (யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.) கௌரிதான் ஒரு கேள்வி கேட்டாள்.

"உந்தச் சத்தத்துக்குப் பயந்தெல்லோ இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"இது பெர்மியோடை வாற சத்தம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்பது மில்லிமீற்றருக்கும் மேலே வாய் அகன்ற பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். பெரும் பன்றிக்கென்று செய்தது. அதை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினால், கீழ்க்கடை அண்ணை "வீணை பழகுறீங்களோ?" என்று கேட்பார். ஓம் என்று தலையாட்டுவேன். (பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து ஓம் என்று தலையாட்டுவதுதான் என் முதல் தொழில். சமையல் இரண்டாவது.)

பத்ரோனின் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். ஆனால் குழுவிலிருந்த மற்றப் பதினொரு பேரில் பாதிப்பேருக்கு என்னைச் சட்டியோடு சேர்த்துப் பார்த்துத்தான் பழக்கம். சமையல்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் போதாதா என்று ஒருவர் என் முன்னாலேயே கேட்டிருந்தார். பத்ரோன் ஒரு தீர்ப்புச் சொன்னார்: சனிக்கிழமை எல்லோரும் சுடுகளத்துக்கு வருவார்கள். நூறு மீற்றர் தூரம், மூன்று வெடி, மூன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழவேண்டும். விழுந்தால் இடம் எனக்கு. விழாவிட்டால் எனக்குச் சட்டி.

கடைத் தோட்டா வாங்கிச் சுட்டிருக்கலாம். அங்கேதான் என் தலைக்கனம் குறுக்கே வந்தது. தோட்டாவையும் நானே செய்வேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கென்று நடந்த வகுப்புக்குப் போய்ப் படித்தேன். பத்ரோன் வீட்டு நிலவறையில் அவருடைய அழுத்துபொறியைக் கடன் கேட்டு, மூன்று ஓய்வுநாட்களை அங்கே தொலைத்தேன்.

அந்த வேலையின் அழகை எப்படிச் சொல்வேன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, பொறிக்குள் கொடுத்துப் பழைய உருவத்துக்கு இறுக்கி, அடியில் தீமூட்டியைப் பதித்து, வெடிமருந்தைத் தராசில் தூசி தூசியாக ஏற்றி, மேலே பாய்ந்துபோகிற ஈயச் சன்னத்தை நேராக நிறுத்தி அமர்த்த வேண்டும். உப்பைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுகிற இந்தக் கை, அங்கே புத்தகத்து அளவைவிட ஒரு துகள் கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு கோதின் உயரத்தையும் உடம்பையும் நூறில் ஒரு மில்லிமீற்றர் வரை அளந்தேன். இருபது தோட்டாக்கள் பொன்னிறத்தில், ஒரே வயிற்றில் பிறந்தவைபோல வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். இரவில் நான் எழுதுகிற கவிதைகளைப் பார்த்து நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஆயுதபூசை வந்தது. கௌரி தையல் கத்தரிக்கோலையும் மகளின் புத்தகங்களையும் என் சமையல் கத்திகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் போய் இரும்பு அலுமாரியைத் திறந்து தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்தேன்.

"சரஸ்வதிக்கு முன்னாலை தோட்டாவோ?"

"ஆயுதபூசை எண்டால் பிறகென்ன, கத்தரிக்கோலுக்கு மட்டுமோ?"

அவள் பெருமூச்சு விட்டுச் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, கோதின் நடு உடம்பில் கொழுகொழுவென்று சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். ஏழாவதில் அவள் பொறுமை முடிந்தது.

"ஒண்டுக்கு வைச்சால் காணாதோ?"

"மற்றப் பத்தொன்பதும் என்ன பாவம் செய்தது?"

நூறில் ஒரு மில்லிமீற்றர் பார்த்து அளந்த மனிதன், அதே கோதின் மேல் ஒரு மில்லிமீற்றர் கனத்துக்குச் சந்தனம் பூசுகிறான். அது காய்ந்தால் ஓடுபோல இறுகும், துப்பாக்கியின் அறை தோட்டாவின் அளவுக்குத்தான் குடைந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அறிவு நிலவறையில் இருந்தது. கை பூசையறையில் இருந்தது.

சனிக்கிழமை சுடுகளம். பொறுப்பாளர் எழுபது வயதுக்காரர், சிரிப்பை எங்கோ அடகு வைத்தவர். என் பெட்டியை எட்டிப் பார்த்து, ஈரம் புகாமல் அரக்கு வைத்திருக்கிறாயா, நல்லது என்றார். ஓம் என்று தலையாட்டினேன். முதல் தோட்டாவைத் துப்பாக்கியின் அறையில் வைத்து, அதை மூடும் தாழின் கைப்பிடியைத் தள்ளினேன். பாதியில் நின்றது. இன்னும் தள்ளினேன். (அமர்த்தினால் போகும் என்பது சமையலறைச் சிந்தனை.) போனது, கொஞ்சம். பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"சிறி, கையை எடு," என்றார் பத்ரோன். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. களம் முழுக்கச் சுடுவது நின்றது. எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் போனார்கள். உயிருள்ள தோட்டா ஒன்று பாதி வாயில் சிக்கிக் கிடக்க, மண்மேட்டைப் பார்த்தபடி என் துப்பாக்கி தனியாகப் படுத்திருந்தது. பொறுப்பாளர் கைப்பிடியைத் துணியால் சுற்றி மரச்சுத்தியலால் பின்னுக்குத் தட்டினார். மூன்றாவது தட்டில் திறந்தது. தோட்டாவை எடுத்து, சிராய்ந்து கிடந்த மஞ்சள் பொருக்கை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன?"

என் பிரெஞ்சு சமையலறைக்கும் பிரிபெக்த்தூரில் வதிவிட அட்டைக்கு நிற்கிற வரிசைக்கும் போதுமானது. சரஸ்வதியை விளக்க அதில் இடமில்லை.

"ஞானஸ்நானம், முசியூ."

"இருபதுக்குமா?"

"இருபதுக்கும்."

பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் கிளம்பின. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் போதாதா என்று முன்பு கேட்ட அதே ஆள், இனி இவனைச் சட்டிக்கே அனுப்புவோம் என்றார். நான் குனிந்து, ஈரத் துணியால் முதல் தோட்டாவைத் துடைக்கத் தொடங்கினேன். பொறுப்பாளர் என்னைத் துப்பாக்கியின் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, துடைத்த தோட்டாவைத் தன் அளவுகோலில் பிடித்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கைக்குட்டையோடு வந்து அவர் பக்கத்தில் இருந்து துடைத்தார்கள். அதில் ஒருவர் அந்தச் சட்டிக்காரர். இருபதும் அளந்து முடிந்தபோது பொறுப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. இவ்வளவு செய்தவனா அதன்மேல் சேறு பூசினாய்?"

நான் அழாமல் நின்றது அன்றைய முதல் சாதனை.

இரண்டாவது சாதனை சுட்டது. வெட்கத்தில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்தி, தொலைநோக்கிக்கு மிக நெருக்கமாகக் கண்ணை வைத்திருந்தேன். பெருந்துப்பாக்கி உதைத்த உதையில் தொலைநோக்கியின் விளிம்பு புருவ மத்தியில் வந்து முத்தமிட்டது. இரத்தம் ஒரு சொட்டு, சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில். பின்னால் யாரோ, இப்போது அவனுக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று என்றார். நான் திரும்பவில்லை. கன்னத்தைச் சரியாக வைத்து மற்ற இரண்டையும் சுட்டேன்.

கடதாசியைக் கொண்டுவந்தார்கள். மூன்று துளைகள். தட்டு தேவைப்படவில்லை, ஒரு கோப்பிக் கிண்ணத்தின் தட்டே அவற்றை மூடியது. சட்டிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அந்தக் கடதாசி இன்றும் எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. ஆனால் வீட்டில் ஓடுகிற கதை அதைப் பற்றியது அல்ல. புதிதாகச் சலவை இயந்திரம் வந்தாலும், மகள் கார் வாங்கினாலும், கௌரி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்று, என்னைப் பார்க்காமல் பொதுவாகக் கேட்பாள்: "வெளியிலையோ, எஞ்சினுக்குள்ளையோ?" விருந்தாளிகளுக்கு விளங்காது. மகள் பிரெஞ்சில் விளக்குவாள். நான் கோப்பி போடப் போய்விடுவேன்.

அந்தச் சனிக்கிழமை பத்ரோனின் காரில் திரும்பினோம். வேட்டைக்காரர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னார்: ஒருவன் கையால் செய்த தோட்டாவை மற்றவன் சுடமாட்டான். வெடிப்பது தன் முகத்துக்கு முன்னால் என்பதால், அண்ணன் தம்பி செய்ததைக்கூடத் தொடமாட்டான். எனக்கு ஏன் இதைச் சொல்கிறார் என்று விளங்காமல், நெற்றியில் ஒட்டிய பிளாஸ்தரைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

பாரிஸின் எல்லையில் போர்த் து லா ஷப்பலில் காரை ஓரம்கட்டினார். நான் இறங்க முன்னர், டாஷ்போர்ட் அறையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே பித்தளை கிலுகிலுத்தது. அவருடைய துப்பாக்கியில் சுட்ட வெறுங்கோதுகள்.

"எனக்கும் இருபது செய்து வை. அடுத்த ஞாயிறு காலை ஆறு மணி, இதே இடம்."

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். கார் நகர்ந்தது, நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஞானஸ்நானம் வேண்டாம், சிறி."