கூத்தையா எடுத்த பயிற்சிகள்

வாலிநோக்கத்து உப்பளத்தில் இயந்திரம் வந்தது. ஆளைக் கழித்தார்கள். அடுத்த வருஷமும் கழித்தார்கள். அரசு பார்த்துக்கொண்டு இருக்குமா? வேலை இழந்தோரின் நல்வாழ்வு கருதி ஒரு பயிற்சி அலுவலகம் திறந்தது. அதில் பல பேருக்கு உடனே வேலை கிடைத்தது. எல்லாரும் வெளியூர்க்காரர்கள்.

உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்த கையோடு கூத்தையா அங்கே போய் உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது ஒரு வேலை. என்ன வேலையானாலும் சரி.

முதலில் மெழுகுவர்த்தி. அடுத்தது காளான். உப்பளத்துக் கை சும்மா இருக்குமா? முளைத்ததை எல்லாம் வாரி வெயிலில் அம்பாரமாகக் குவித்தார். சாயங்காலம் காளான் கருவாடாகக் கிடந்தது. ‘ஆர்வம் மிகவும் திருப்திகரம்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு கணினி. பிறகு காரங்காட்டுக்குப் படகு ஏற வரும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துச் சிரிக்கப் பயிற்சி. ஒவ்வொன்றும் முடிகிற அன்று கூத்தையா கேட்பார், வேலை எப்போது என்று. பரிசீலனையில் உள்ளது என்பார்கள். அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. கூத்தையாவுக்குத் தலை நரைத்தது.

"பேத்தியே படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டா. நீ எப்பய்யா முடிப்ப?" என்றாள் பெண்டாட்டி சோணையம்மாள்.

இந்த வருஷம் அதிகாரி பிரபாகரன் கூப்பிட்டுச் சொன்னார். "இனிமே பயிற்சியெல்லாம் செல்போன்லயே வந்துரும் அய்யா. நீங்க வர வேண்டியதில்ல."

"உப்பளத்துலயும் இதத்தான் சொன்னாக."

கூத்தையா விடவில்லை. முப்பது வருஷமாகச் செய்கிற தொழில் இது, திடீரென்று பிடுங்கினால் எங்கே போவது என்று மனு கொடுத்தார். மேலிடம் ஆழ்ந்து யோசித்தது. பயிற்சி பெறுதல் இக்கடலோரத்தின் பாரம்பரியத் தொழில் என அறிவித்தது. அத்தொழிலை இழந்தோருக்கு மறுபயிற்சி அளிக்க அதே கட்டடத்தில் புது அலுவலகம் திறந்தது. பல பேருக்கு வேலை. இந்தத் தடவையும் வெளியூர்தான்.

முதல் பாடம் மெழுகுவர்த்தி.

கூத்தையா தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் பிரபாகரன். செல்போனே பாடம் நடத்துகிறபோது அதிகாரி எதற்கு என்று அவரையும் கழித்துவிட்டார்களாம்.

"இங்கன தள்ளி உக்காருங்க சார். ஃபேன் காத்து இங்கனதான் வரும், தூங்கத் தோது."

பிரபாகரன் தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரியை உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அய்யா, இத முடிச்சா வேலை ஏதும் கிடைக்குமா?"

கூத்தையா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"பரிசீலனையில் உள்ளது."