பரணிலிருந்து மாமனார்

என் மாமனார் தாணுலிங்கம் உயிரோடு இருந்தவரை எனக்கு ஒரு உபகாரமும் செய்ததில்லை. செத்த பிறகாவது செய்யட்டும் என்று முடிவு கட்டினேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருடைய வற்றல் மிளகாய்க் கடை பூட்டிக் கிடந்தது. ஒரே மகள் சுஜா, அதாவது என் மனைவி, ஆவணி பிறந்ததும் அதைத் திறந்து தானே நடத்தப்போவதாக அறிவித்துவிட்டாள். அவள் போய்க் கல்லாவில் உட்கார்ந்தால் மத்தியானச் சோறு யார் பொங்குவது? இந்த நெல்லையப்பனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

அலாரம் மாட்டுகிற பிரவின்ராஜைப் பிடித்தேன். சுஜாவுக்குத் தெரியாமல் கடைப் பரணில் ஒரு பெட்டியை வைத்தான்.

"கதவு திறந்தாலும் புகை வந்தாலும் இது உடனே ஃபோன் போடும் அண்ணாச்சி. லேண்ட்லைன் வயரே வேண்டாம். உள்ள ஒரு சிம் போட்டா டவர் வழியாப் போவும். திருடன் கரண்டைக் கட் பண்ணினாலும் பேட்டரி உண்டு. நீங்க எடுத்தா கடைக்குள்ள உள்ள சத்தம் கேக்கும். நீங்க அதட்டினா அங்க ஸ்பீக்கர்ல கேக்கும்."

"சைரன்?"

"அதும் உண்டு."

"அது வேண்டாம். விளிக்கதுக்கு சுஜா நம்பர் ஒண்ணு மட்டும் போடு. சிம் நான் தாறேன்."

மாமனாருடைய சிம்மைத் தந்தேன். அலமாரியில் கிடந்த அவர் பழைய ஃபோனிலிருந்து கழற்றியது. சுஜாவின் ஃபோனில் அந்த நம்பருக்கு இன்னும் 'அப்பா' என்றுதான் பெயர்.

மறுநாள் கடையைப் பெருக்கப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"என்னங்க, கதவைத் திறந்து உள்ள கால் வச்சேன். ஃபோன் அடிச்சுது. அப்பா விளிக்காரு."

"எந்த அப்பா?"

"எனக்கு எத்தனை அப்பா உண்டு? எடுத்தேன். யாரோ நடக்கிற சத்தம். நான் நின்னா அதும் நிக்குது."

"பெறவு?"

"'அப்பா'ன்னு கூப்பிட்டேன். பரண்லேருந்து ஒரு பொம்பளைக் குரல் 'அப்பா'ங்குது."

ஏற்பாடு என்னுடையதுதான்; பரணில் கேட்டது ஸ்பீக்கரில் வந்த அவள் குரலேதான். இருந்தும் எனக்கே முதுகு சில்லிட்டது. "நீ கடைக்கு வாறது மாமாவுக்கு இஷ்டமில்லை போல" என்றேன் பவ்யமாக.

அவள் அலமாரிப் பக்கம் போனாள். விபூதி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் உள்ளித்தீயல் குழம்பு வைத்தாள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. சுஜா பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். கடைச் சாவி என் எதிரே ஆணியில் தொங்கியது. அப்போது என் ஃபோன் அடித்தது. 'மாமா' என்று காட்டியது.

பெட்டிக்கு என் நம்பர் தெரியாது. கடை பூட்டியிருக்கிறது. மாமனார் தைக்காட்டு மயானத்தில் சாம்பலானதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எடுத்தேன்.

முதலில் மழைச் சத்தம். பிறகு மூட்டையை யாரோ இழுக்கும் சத்தம். பிறகு ஒரு இருமல். மிளகாய் நெடி ஏறிய, மாமனாருடைய அதே இருமல்.

"மாமா?"

என் குரல் அந்த இருட்டுக் கடைக்குள் ஒலித்துவிட்டு எனக்கே திரும்பி வந்தது. அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். பயத்தில் நாக்கு தானாகப் பேசியது.

"மாமா, கடையை அவளே நடத்தட்டும். நான் குறுக்க நிக்கமாட்டேன், சத்தியம். சோறு நானே பொங்குதேன். அவளுக்கும் கடைக்குக் கொண்டு குடுக்கேன்."

மூச்சு நின்றது. அப்புறம் ஃபோன் பேசியது, சுஜாவின் குரலில்.

"ஸ்பீக்கர்ல நல்லாக் கேட்டுது. பக்கத்துக் கடை ரத்னாபாய் அக்காவும் கேட்டாங்க."

"நீ கோயிலுக்கு..."

"அப்பா இடுப்புல வச்சிருந்த இன்னொரு சாவி எங்கிட்டயாக்கும் இருக்கு. மிளகா நெடியில இருமினதும் நாந்தான். அன்னைக்கே அலமாரியைத் திறந்து பாத்தேன். அப்பா ஃபோன்ல சிம் இல்ல. செத்தவரு அதைக் கழத்திட்டா போவாரு? பரண்ல ஏறிப் பாத்தா பெட்டியில பிரவின்ராஜ் நம்பர் ஒட்டியிருந்துது, விளிச்சேன். என் நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போட்டுத் தந்தான்."

நான் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தேன்.

"அக்காவுக்கு ஒரு சம்சயம்" என்றாள் சுஜா. "சோறு செரி, குழம்பு யாரு வைப்பாங்கன்னு கேக்காங்க."